என் பெட்டியில் இல்லாத நிறம்

நான் கல்முனையில் கலியாணப் பெண்களுக்கு மேக்கப் போடத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டின் முன்னறைதான் என் கடை. பெரிய கண்ணாடி ஒன்று, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கதிரை ஒன்று, மேலே இரண்டு டியூப் லைட். பெருநாள் முடிந்த கையோடு கலியாணங்கள் வரிசை கட்டி வரும். சில கிழமைகளில் மூச்சுவிட நேரம் கிடைக்காது. தொழில் கைக்குள் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாய்ந்தமருதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது.

அன்றைய பெண் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அவளுடைய வாப்பா சொந்தமாகப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். வாப்பாவின் நிறம் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. நல்ல கறுப்பு. நான் போய் இறங்கியதுமே உம்மா வாசலில் வைத்துக் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டாக்கள் எல்லாம் வெள்ளை, கொஞ்சம் வெளுப்பாகப் போட்டுவிடுங்கள் என்று காதோடு சொன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் போடுவேன். கொழும்பில் படித்த கோர்ஸில் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். அங்கே எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் வெளிர் நிறம். கறுப்பு நிறத்துக்கு என்று கடைசி நாளில் அரை மணித்தியாலம் மட்டும் ஒதுக்கினார்கள். நிறத்தை விட இரண்டு படி வெளுப்பான பவுண்டேசன் எடுங்கள், கழுத்துக்கும் பூசுங்கள், மேலே பவுடரை அழுத்துங்கள். பாடம் அவ்வளவுதான். அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டரை மணித்தியாலம் வேலை செய்தேன். கண்ணுக்கு எவ்வளவோ நுணுக்கமாகப் போட்டேன். உம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. பெண் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

பிறகு நிக்காஹுக்குச் சம்மதம் கேட்க வாப்பா அறைக்குள் வந்தார். பின்னால் சாட்சிகள் இரண்டு பேர். மனுசன் வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார். பெண்ணின் உடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் உடுப்பைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, பகிடி ஏதும் இல்லாமல், மெய்யாகவே கேட்டார்.

"இது நம்மட மகள்தானா? சம்மதம் கேக்கிற விசயம். ஆள் மாறிப் போகக் கூடாது."

அறையே சிரித்தது. சாட்சிகளில் ஒருவர் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தார். பெண்ணும்தான் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். வாப்பாவிடம் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சுகமாக இருந்திருக்கும். அவளோ மெதுவாகத்தான் கதைத்தாள்.

"ராத்தா, நீங்க நல்லாச் செஞ்சிருக்கீங்க. ஆனா இது வேற ஒராள்ட முகம். நான் கழுவிட்டு வாறன். என்ட நிறத்தில திருப்பிப் போடுவீங்களா?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் கழுவுகிற நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். பவுண்டேசன் போத்தல்கள் எட்டு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடுமையானது தேன் நிறம். அதுவே அவளுக்கு மூன்று படி வெளுப்பு. மூன்று வருடம் தூக்கித் திரிந்த பெட்டி. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருடைய நிறம் அதற்குள் இல்லை என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

அவள் துவாயால் முகத்தை ஒற்றிக்கொண்டு வந்தபோது உண்மையைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் கண்ணுக்கு மட்டும் போட்டால் போதும் என்றாள். சுறுமா இட்டேன். உதட்டுக்குச் சாயம் பூசினேன். அவ்வளவுதான். உம்மா ஒரு மூலையில் நின்று முணுமுணுத்தார். வாப்பா திரும்பி வந்து, இந்தத் தடவை நேரே மகளுக்கு முன்னால் போய் நின்று சம்மதம் கேட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். அழகாகத்தான் இருந்தாள். அதில் என் பங்கு மிகக் குறைவு என்பதுதான் எனக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்து என் கலியாண அல்பத்தைத் தூக்கினேன். நானும் கறுப்புத்தான். அதைச் சொல்லாமலே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன் பாருங்கள், அந்தளவுக்கு அதை மறைத்துப் பழகியிருந்தேன். படத்தில் என் முகம் கோதுமை மாவு நிறம். மடியில் வைத்திருந்த கைகள், மருதோண்டியோடு, என் சொந்த நிறம். ஒரு பெண்ணின் தலையை இன்னொரு பெண்ணின் உடம்பில் ஒட்டி வைத்த மாதிரி. அந்தப் படத்தைப் பத்து வருடமாக அழகு என்று பார்த்து வந்தவள் நான். அன்றைக்கு உட்கார்ந்து தனியே சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது.

மறுநாள் கல்முனைச் சந்தைப் பக்கம், வழமையாகச் சாமான் எடுக்கிற கடைக்குப் போய்க் கடும் நிறத்தில் பவுண்டேசன் கேட்டேன். அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற கடைக்காரருக்கு விளங்கவில்லை. வெளுப்பானதா என்று திருப்பிக் கேட்டார். இல்லை, கறுப்பானது என்றேன். வெளுக்கிற கிரீம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதைத் தரட்டுமா என்றார். மூன்றாவது தடவை என் புறங்கையைக் காட்டி, இந்த நிறம் வேண்டும் என்றேன். மனுசன் பின்னுக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டு வந்தார். கொம்பனியில் இருந்து எல்லா நிறமும் சேர்த்துத்தான் அனுப்புவார்களாம். இந்த நிறங்களை யாரும் கேட்டதில்லை என்பதால் பிரிக்காமலே வைத்திருக்கிறார். அவர் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அந்த நிறம்தான் என்பதை இரண்டு பேருமே அந்த இடத்தில் நின்று யோசித்தோம். பெட்டியில் காலாவதி ஆகாதவை இரண்டே இரண்டு கிடைத்தன.

இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. ஒன்றைப் பூசினால் செங்கல் மாதிரி இருந்தது. மற்றதைப் பூசினால் காய்ச்சல்காரி மாதிரி இருந்தது. கட்டாரில் இருக்கிற தங்கச்சியிடம் சொல்லி அழுதேன். அவள் அங்கே பெரிய கடைகளில் எத்தனையோ கறுப்பு நிறம் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு கடைக்குள் நின்றுகொண்டே வீடியோவில் அழைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கடையில் வேலை செய்கிற சூடான் நாட்டுப் பெண். என்னைவிடக் கறுப்பு. பளபளவென்று இருந்தாள். இவ்வளவு கறுப்பான முகத்தில் இவ்வளவு சரியாகப் போட்ட மேக்கப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டு அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தங்கச்சி மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்னவாம்?"

"உன்ட முகத்தக் காட்டட்டாம்."

"காட்டிக்கிட்டுத்தானே இருக்கன்."

"அது பவுடராம். முகத்தக் காட்டட்டாம்."

வீடியோவில் வருகிறோமே என்று நன்றாகப் பூசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். அடுத்து, அந்த லைட்டுக்குக் கீழே நிற்காமல் வெளியே வெயிலுக்குப் போகச் சொன்னாள். முற்றத்துக்குப் போனேன். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். பிறகு தாடை ஓரம், நெற்றி, கன்னம். தங்கச்சியின் அரைகுறை அரபியில் எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்: கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை. உள்ளே ஒரு நிறம் ஓடும். சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு மஞ்சள், சிலருக்கு நீலம். எனக்கு மஞ்சள். அதனால்தான் அந்தச் செங்கல் போத்தல் எனக்குப் பொருந்தவில்லை. நெற்றி கன்னத்தை விடக் கடும் நிறம், அதனால் முகத்துக்கு ஒரு போத்தல் போதாது, இரண்டு வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு வெள்ளையை வைத்தால் சாம்பலாகும், முதலில் செம்மஞ்சள் வைக்க வேண்டும். கடைசியாக வெள்ளைப் பவுடரைக் குப்பையில் போடச் சொன்னாள். அது மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது, கையாலேயே எறிந்து காட்டினாள்.

ஒரு மாதத்தில் ஊருக்கு வந்த ஒருவரிடம் தங்கச்சி ஒன்பது போத்தல் கொடுத்தனுப்பினாள். இனிப் பழக வேண்டும். பழக முகங்கள் வேண்டும். மதினி இரண்டு தடவை வந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை வேலை இருக்கிறது என்றார். மிச்சம் இருந்தது இவர்தான், என்னைக் கட்டின மாப்பிள்ளை. அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஆலையில் வேலை. வெயில் பட்டுப்பட்டு முழங்கைக்குக் கீழே தோல் நல்ல கறுப்பு, உள்ளே சிவப்பு ஓடுகிற வகை. எனக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் நல்ல நித்திரை. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் ஒன்பது கோடு போட்டேன், ஒன்றுக்கொன்று விரல் அகலம் விட்டு. எது தோலோடு கரைகிறது, எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். எழுதி வைக்கப் பேனை எடுக்க உள்ளே போன நேரம் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மனுசன் துள்ளி எழுந்து, கைநீளச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அங்கே தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி வுழுச் செய்யச் சேர்ட்டுக் கையை மடித்தபோதுதான் கோடுகளைக் கண்டிருக்கிறார். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாராம். போகவில்லை. கலியாணப் பெண் ஒரு நாள் முழுக்க வியர்த்தாலும் அசையாத சாமான் அது, எப்படிப் போகும்? பக்கத்துக் குழாயில் இருந்தவர், தண்ணீர் தோலில் படாவிட்டால் வுழு நிறைவேறாதே என்று கவலையோடு சொல்லியிருக்கிறார். இன்னொருவர், இது என்ன புதிய வைத்தியமா, எந்த டொக்டர் என்று விசாரித்திருக்கிறார். இவர் சேர்ட்டுக் கையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தேங்காய் எண்ணெய் போட்டு உரசிக் கழுவி, வீட்டிலேயே தொழுதார். தொழுது முடிக்கும் வரை நான் அடுப்படியில் இருந்து வெளியே வரவில்லை.

அடுத்த தடவை காலில் பூசிப் பார்க்கட்டுமா என்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டேன். வுழுவில் காலும் கழுவ வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினார். பிறகு, தன் பெருந்தன்மையைக் காட்ட, முதுகைத் தரலாம் என்றார். முதுகு வெயில் படாத இடம், அந்த நிறம் எனக்குப் பிரயோசனம் இல்லை என்றேன். அதற்குப் பிறகு கையைத்தான் தந்தார், அன்றைய கடைசித் தொழுகையான இஷா முடிந்து வந்த பிறகு, எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இப்படிக் கொஞ்சக் காலம் போனது. பிழைகளும் நிறையத்தான் விட்டேன். வெள்ளியாக மின்னுகிற பவுடரைக் கறுப்புக் கன்னத்தில் வைத்துப் போட்டோ எடுத்தால் பூசணம் பிடித்தது மாதிரி வரும் என்று கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் பொன் நிறம் வைத்தால் எண்ணெய் விளக்கு வெளிச்சம் பட்ட மாதிரி இருந்தது. இளஞ்சிவப்பு எங்கள் கன்னத்தில் காணாமல் போய்விடும். மங்குஸ்தான் தோலின் நிறத்தைத் தைரியமாக எடுத்துத் தொட்டால்தான் கன்னம் சிவக்கும். முதல் தடவை அதைப் பிரஷில் எடுத்தபோது, அடி வாங்கின முகம் மாதிரி ஆகிவிடுமோ என்று என் கன்னத்திலேயே முதலில் தொட்டுப் பார்த்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே வேலை செய்வதை விட்டேன். கதிரையை ஜன்னலோடு திருப்பிப் போட்டேன்.

கொஞ்சம் தைரியம் வந்ததும் சாய்ந்தமருது ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் வந்து உட்கார முடியுமா, அன்றைக்குச் செய்ய முடியாததைச் செய்து பார்க்க வேண்டும் என்று. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிசத்தில் பதில் வந்தது. பிள்ளைகள் கணக்கைப் பிழைவிட்டால் திருப்பிச் செய்ய விடுவதுதானே வழமை, சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

ஸ்கூட்டியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பாடத்தைப் பார்க்க வந்த அதிகாரி மாதிரிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து என்னென்ன என்று விசாரித்தாள். அவளுக்கு உள்ளே ஓடுவது நீலம். எனக்கு அது புதிது. இரண்டு போத்தலைக் கலந்து, மூன்றாவதில் ஒரு துளி விட்டுத்தான் அந்த நிறத்தைப் பிடித்தேன். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவள் அதோடு ஜன்னல் பக்கம் போனாள். தாடை ஓரத்தில் விரலை வைத்துக் காதில் இருந்து நாடி வரைக்கும் மெதுவாகக் கொண்டு போனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க முடியுது எண்டு தெரியல்ல ராத்தா."

அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. கொழும்புச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில்தான் தொங்குகிறது, ஆனால் அதை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் ஹெல்மெட் போட்டால் கலைந்துவிடும் என்று, ஸ்கூட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள். மறுநாள் ஸ்கூட்டியை எடுக்க வந்தபோது, கூடப் படிப்பிக்கிற ஆசிரியைகள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். பாண்டிருப்பில் இருந்து ஒருத்தி, மருதமுனையில் இருந்து ஒருத்தி. இரண்டு பேருக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. இரண்டு பேரும் கறுப்பு.

அதற்குப் பிறகு என்னிடம் வருகிற பெண்கள் மாறத் தொடங்கினார்கள். ஆனால் கூட வருகிறவர்கள் மாறவில்லை. கதிரையில் இருக்கிறவளைச் சமாளிப்பது சுகம், பின்னால் நிற்கிறவர்கள்தான் பாடு. போன பெருநாளுக்குப் பிறகு மாவடிப்பள்ளியில் ஒரு கலியாணம். வயல்காரக் குடும்பம். பெண் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறாள். அதிகம் கதைக்காத பிள்ளை. அவளுக்கும் சேர்த்து அவளுடைய சாச்சி கதைத்தார், உம்மாவின் தங்கச்சி. நான் போத்தலைத் திறந்ததுமே சாச்சி எட்டிப் பார்த்தார். இது என்ன கறுப்புச் சாமான், காசு கொடுத்தும் கறுப்பாகவா இருக்க வேண்டும், நல்ல வெள்ளையாகப் போடுங்கள் என்றார். பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

முன்பென்றால் சாச்சியின் பக்கம் சாய்ந்திருப்பேன். வாக்குவாதம் செய்தால் கலியாண வீட்டில் மனக்கசப்பு வரும். ஒரு யோசனை வந்தது. பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, முகத்தின் இடது பாதியைச் சாச்சி சொன்ன மாதிரியே போட்டேன், தேன் நிறமும் மேலே பவுடரும். வலது பாதியை என் விருப்பப்படி போட்டேன். இரண்டையும் ஒரே கவனத்தோடுதான் செய்தேன், குறை சொல்ல இடம் வைக்கவில்லை. அறைக்குள் லைட் வெளிச்சத்தில் சாச்சிக்கு இடது பக்கம்தான் பிடித்திருந்தது. பார்த்தீர்களா என்று மற்றவர்களுக்கும் காட்டினார்.

பிறகு பெண்ணின் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணி வெயில். எதிரே வயல், அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள். அந்த வெளிச்சத்தில் இடது பாதி சாம்பல் பூசிய சுவர் மாதிரி நின்றது. வலது பாதியில் தோல் தெரிந்தது, கன்னத்தில் சிவப்புத் தெரிந்தது, அவள் கூச்சப்பட்டதும் தெரிந்தது. சாச்சி இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். முந்தானையால் தன் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

"இந்தப் பக்கம் இரிக்கட்டும்" என்று கடைசியில் வலது கன்னத்தைத் தொட்டுச் சொன்னார். பெண் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவளிடம் இருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

உள்ளே போய் இடது பாதியைத் துடைத்துச் சரி செய்து முடித்தேன். முந்தானையைத் தலைக்குப் போட்டு ஊசி குத்தி, பெண்ணை எழுப்பிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டு வேன்கள் தெருவில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் பிரஷ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பெண் இருந்த கதிரையில் சாச்சி உட்கார்ந்திருக்கிறார். முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தார். தன் மணிக்கட்டைத் திருப்பி என்னிடம் நீட்டிக்கொண்டு, தனக்கு உள்ளே ஓடுவது என்ன நிறம் என்று கேட்டார்.

வாசலில் அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை. மாப்பிள்ளையை வரவேற்கச் சாச்சி இல்லாமல் முடியாது என்று யாரோ உள்ளே வந்தும் சொன்னார்கள். அவர் அசையவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் நிற்கட்டும், வந்தவருக்கு இனி என்ன அவசரம் என்றார். நான் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, மணிக்கட்டைப் பார்த்தேன். சிவப்பு. போத்தலைத் திறந்தேன்.